உதிரும் முடி, வளரும் முடி

லாப்ரடார் நாய் இருக்கும் வீட்டில் சோபா, படுக்கை, கறுப்புச் சட்டை என எங்கு பார்த்தாலும் முடி ஒட்டிக் கிடக்கும். இன்று கூட்டிப் பெருக்கினால் நாளை மறுபடியும் மூலையில் சுருண்டு கிடக்கும். ஆனாலும் அந்த நாய்க்கு யாரும் முடி வெட்டுவதில்லை. அதன் முடி எப்போதும் ஒரே நீளத்தில் நின்றுவிடுகிறது. பூடில் வளரும் வீட்டிலோ தரையில் முடியைப் பார்ப்பதே அரிது. ஆனால் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை கத்தரி படாவிட்டால் முடி கண்ணை மறைக்கும், உடலெங்கும் சிக்கு விழும். ஒரு நாய்க்கு ஓயாமல் உதிர்கிறது, ஆனால் நீள்வதில்லை. இன்னொன்றுக்கு ஓயாமல் நீள்கிறது, ஆனால் உதிர்வதில்லை.

இந்த வேறுபாட்டுக்கான காரணம் தோலுக்குள் இருக்கிறது. நாய்களைக் குளிப்பாட்டி, சீவி, முடி திருத்தும் குரூமிங் தொழிலின் அடிப்படையும் அதுதான். எந்த நாய்க்குக் கத்தரி, எந்த நாய்க்குச் சீப்பு மட்டும், எந்த ஷாம்பு, அது எவ்வளவு நேரம் தோலில் இருக்க வேண்டும் என்ற ஒவ்வொரு முடிவும் முடி வளரும் விதத்தையும் தோலின் அமைப்பையும் ஒட்டியே எடுக்கப்பட வேண்டும்.

ஒரு துளை, பல முடிகள்

முடி முளைக்கும் குழிக்கு மயிர்க்கால் என்று பெயர். வளர்ந்த நாயின் மயிர்க்கால் கூட்டு வகையைச் சேர்ந்தது. தோலின் மேல் தெரியும் ஒரே துளை வழியாக ஒரு தடித்த முடியும், அதைச் சுற்றிப் பல மெல்லிய முடிகளும் வெளிவருகின்றன. தடித்தது முதன்மை முடி. அது நீண்டு விறைப்பாக மேலே படிந்து மழை, வெயில், முள் ஆகியவற்றைத் தடுக்கிறது. இதை மேல்முடி என்றும் சொல்லலாம். மெல்லியவை துணை முடிகள். இவை குட்டையாக, தோலை ஒட்டி நெருங்கி நின்று, இடையில் காற்றைத் தேக்கி உடல் வெப்பத்தைக் காக்கின்றன. இவை அடிமுடி. ஹஸ்கி, பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற நாய்களுக்கு மேல்முடியும் அடர்ந்த அடிமுடியும் சேர்ந்த இரட்டைப் போர்வை உண்டு.

குட்டி பிறக்கும்போது ஒரு துளைக்கு ஒரு முடிதான் இருக்கும். வளர வளரத்தான் துணை முடிகள் சேர்கின்றன. சில மாதங்களுக்கு முன் லேசாகச் சீவினால் போதுமாக இருந்த குட்டிக்குத் திடீரெனச் சிக்கு விழத் தொடங்குவது இதனால்தான்.

மயிர்க்காலுடன் எண்ணெய்ச் சுரப்பியும் இணைந்திருக்கிறது. அது சுரக்கும் கொழுப்புப் பொருள் முடியின் மேல் பரவிப் பளபளப்பைத் தருகிறது, தண்ணீர் உள்ளே இறங்காமலும் தடுக்கிறது. சீவும்போது இந்த எண்ணெய் அடியிலிருந்து நுனிவரை பரவுகிறது. நாயின் உடம்பெங்கும் ஒருவகை வியர்வைச் சுரப்பியும் உண்டு. ஆனால் அது உடலைக் குளிர்விக்க உதவுவதில்லை. மனிதர்களைப் போல நீர் வியர்வை சுரப்பது பாத மெத்தைகளில் மட்டுமே. நாய் தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் முக்கிய வழி, நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது.

முடியின் நான்கு பருவங்கள்

எந்த முடியும் இடைவிடாமல் வளர்வதில்லை. முதலில் வளர்பருவம்: மயிர்க்காலின் அடியில் உயிரணுக்கள் பெருகி, கெரட்டின் என்ற புரதத்தாலான இழையை மேலே தள்ளுகின்றன. அடுத்தது ஒடுங்குபருவம்: பெருக்கம் நின்று மயிர்க்கால் சுருங்குகிறது. பிறகு ஓய்வுப்பருவம்: வளர்ச்சி முடிந்த முடி தன் குழியில் அப்படியே நிற்கிறது. கடைசியாக உதிர்பருவம்: பழைய முடி கழன்று விழ, புதியது முளைக்கிறது.

பூடிலுக்கும் லாப்ரடாருக்கும் உள்ள வேறுபாடு, இந்தப் பருவங்களில் எது நீளமானது என்பதில்தான் இருக்கிறது. மனிதரின் தலைமுடியில் பெரும்பகுதி எந்த நேரத்திலும் வளர்பருவத்தில் இருக்கும். ஒரு முடி சில ஆண்டுகள் தொடர்ந்து வளரும். பூடிலின் முடியும் இந்த வகை. பெரும்பாலான நாய் இனங்களில் நிலைமை நேர்மாறு. வளர்பருவம் குறுகியது, இனத்துக்குரிய நீளத்தை எட்டியதும் முடி ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஆகவே நீளம் நிலையாக இருக்கிறது, வெட்டத் தேவையில்லை. ஆனால் ஓய்வில் நிற்கும் முடி ஒருநாள் விழுந்தே தீரும்.

ஒரு முடி எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதை அறியக் கால்நடைத் தோல் மருத்துவர்கள் சில முடிகளை வேரோடு பிடுங்கி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். வளரும் முடியின் வேர் பருத்து, மென்மையாக, நிறமேறி, சில வேளை வளைந்து இருக்கும். ஓய்வில் உள்ள முடியின் வேர் ஈட்டிமுனை போல ஒடுங்கி வெளிறியிருக்கும். வளர்ச்சியின் வேகத்தை அறிய வேறொரு வழி, ஓரிடத்தில் முடியை மழித்துவிட்டு மீண்டும் முளைப்பதைக் கணக்கிடுவது. அறுவை சிகிச்சைக்காக மழிக்கப்பட்ட லாப்ரடார் நாய்களை வைத்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், முடி பழைய நீளத்துக்கு வர ஏறத்தாழ 14 முதல் 15 வாரங்கள் ஆயின. மழித்த பருவகாலம் எதுவானாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

உதிர்வு மட்டும் காலத்துக்கேற்ப ஏறி இறங்குகிறது. பகல் நீள்வதையும் குறைவதையும் கண் வழியாக மூளை உணர்கிறது. அதற்கேற்ப மெலட்டோனின், புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்களின் அளவு மாறி மயிர்க்கால்களைத் தூண்டுகிறது. குளிர்நாடுகளில் வெளியில் வாழும் நாய்கள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது இதனால்தான். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. மின்விளக்கின் வெளிச்சத்தில் வீட்டுக்குள்ளேயே வாழும் நாய்க்கு உதிர்வு ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கிறது. அதைத் தடுக்க வழி இல்லை. கழன்ற முடியைத் தரையில் விழுமுன் பிரஷ்ஷில் எடுத்துக்கொள்வதே செய்யக்கூடியது.

மூன்று மரபணுக்கள்

கம்பிபோல் விறைத்த முடி, பட்டுப்போல் நீண்ட முடி, சுருள் முடி, ஒட்ட நிற்கும் குட்டை முடி என்று நாய்களில் காணப்படும் வகைகள் ஏராளம். இத்தனைக்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் காரணமாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவன ஆய்வாளர்கள் தலைமையில் ‘சயின்ஸ்’ இதழில் 2009-இல் வெளியான ஆய்வு, மூன்றே மரபணுக்களைச் சுட்டியது. 80 இனங்களைச் சேர்ந்த 1,000-க்கும் மேற்பட்ட நாய்கள் ஆராயப்பட்டன. டாஷ்ஹண்ட் இனத்துக்குள்ளேயே குட்டை, நீளம், கம்பி என்ற மூன்று வகை முடிகளும் உண்டு. போர்ச்சுகீஸ் வாட்டர் டாக் இனத்தில் சுருளும் அலையும் உண்டு. ஒரே இனத்துக்குள் முடி மட்டும் வேறுபடும் நாய்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டதால் முடிக்குக் காரணமான இடத்தை எளிதில் பிரித்தறிய முடிந்தது.

அந்த மூன்றில் எஃப்.ஜி.எஃப்.5 என்ற மரபணு, வளர்பருவத்தை முடித்துக்கொள்ளுமாறு மயிர்க்காலுக்குக் கட்டளையிடும் புரதத்தைத் தருகிறது. அது பழுதுபட்டால் கட்டளை போய்ச் சேராது, முடி நீளும். கோல்டன் ரெட்ரீவரின் நீண்ட முடிக்கு இதுவே காரணம். ஆர்.எஸ்.பி.ஓ.2 என்ற மரபணுவின் ஒரு மாற்றுவடிவம் டெரியர்களுக்கு மீசையையும் அடர்ந்த புருவத்தையும் கம்பி முடியையும் தருகிறது. கே.ஆர்.டி.71 மரபணு கெரட்டின் புரதத்தோடு தொடர்புடையது. அதில் ஏற்படும் மாற்றம் முடியைச் சுருளாக்குகிறது. மூன்று மாற்றங்களும் ஒன்றுசேர்ந்தால் பூடில், பிஷான் போன்ற நீண்ட, சுருண்ட, மீசையுள்ள நாய். குட்டை முடியுள்ள பல இனங்களில் இந்த மூன்று மாற்றங்களுமே இல்லை. பின்னர் வந்த ஆய்வுகள், எம்.சி.5.ஆர் என்ற மரபணுவும் மீசை தரும் ஆர்.எஸ்.பி.ஓ.2 மாற்றுவடிவமும் உதிர்வின் அளவோடு தொடர்புடையவை என்று காட்டின. மீசையுள்ள நாய்கள் பொதுவாகக் குறைவாகவே உதிர்க்கின்றன.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய தமிழ்நாட்டு இனங்களுக்குக் குட்டையான, ஒட்டிய முடி. கத்தரியோ கிளிப்பரோ இவற்றுக்குத் தேவையில்லை. வாரம் ஒருமுறை ரப்பர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டால் போதும். வெள்ளை முடியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம் நாயின் தோலில் நிறமி குறைவு. அதனால் உச்சிவெயிலில் காய விடாமல் நிழல் தருவது அதன் தோல் பராமரிப்பில் முதன்மையானது.

கோடையில் மழிக்கலாமா?

வெயில் ஏறியதும் ஹஸ்கியையும் பொமரேனியனையும் ஒட்ட மழித்துவிடச் சொல்லிக் கேட்பவர்கள் பலர். இத்தனை முடி நாய்க்குப் புழுக்கமாக இருக்கும் என்ற இரக்கத்தில் எழும் விருப்பம் இது. ஆனால் தோல் வழியே வியர்த்துக் குளிர முடியாத விலங்குக்கு, முடியை எடுப்பதால் மனிதருக்குக் கிடைப்பது போன்ற குளிர்ச்சி கிடைப்பதில்லை. சூரியக் கதிர் தோலில் நேராகப் படாமல் காத்த மேல்முடியும் போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. இந்த இனங்களின் முடி மிக நீண்ட காலம் ஓய்வுப்பருவத்தில் நிற்கும். மழிப்பதால் ஓய்வு கலைந்து வளர்ச்சி தொடங்குவதில்லை. மயிர்க்கால் தன் அடுத்த வளர்பருவம் வரும்வரை காத்திருக்கும்; சில நாய்களில் மழித்த இடம் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரைகூட வெறுமையாகக் கிடக்கும். இது மழிப்புக்குப் பின்வரும் முடியின்மை எனப்படுகிறது. இரட்டைப் போர்வை நாய்க்குக் கோடையில் செய்ய வேண்டியது, கழன்ற அடிமுடியை அகன்ற பல் சீப்பாலும் அடிமுடி வாரியாலும் முழுமையாக எடுத்துவிடுவது. அப்போது காற்று தோல்வரை போய்வரும்.

கம்பி முடியுள்ள டெரியர்களுக்கு வேறு வழி. இவற்றின் முடி ஓய்வுப்பருவத்தை எட்டியதும் கையாலோ சிறு கத்தியாலோ பிடித்து உருவப்படுகிறது. வேர் ஏற்கெனவே தளர்ந்திருப்பதால் முடி எளிதில் கழன்று வருகிறது. அந்தக் குழியில் புதிய விறைத்த முடி முளைக்கிறது. கிளிப்பரால் வெட்டினால் பழைய முடியின் மெல்லிய அடிப்பகுதியே மிஞ்சும். அதனால் போர்வை மென்மையாகி நிறம் வெளிறும்.

சிக்கு எப்படி இறுகுகிறது?

நுண்ணோக்கியில் பார்த்தால் முடியின் மேற்புறம் ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களால் மூடப்பட்டிருப்பது தெரியும். செதில்களின் விளிம்பு முடியின் நுனியை நோக்கியிருக்கிறது. ஆகவே முடியை அடியிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும், எதிர்த்திசையில் சொரசொரக்கும். வேட்டிக் கரையில் ஏறிய ஊசிப்புல்லின் விதை நடக்க நடக்க உள்ளேயே நகரும், பின்னோக்கி வராது. பின்னிய முடிகளும் இப்படித்தான். நாய் நடக்கும்போதும் சொறியும்போதும் ஒவ்வொரு முடியும் ஒரே திசையில் மட்டும் சிறிது சிறிதாக நகர்ந்து முடிச்சை இறுக்குகிறது. கழன்றும் வெளியேற முடியாத அடிமுடி இதற்கு மூலப்பொருள். காதுக்குப் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடி போன்ற உராய்வு மிகுந்த இடங்களில் சிக்கு முதலில் விழுவதும் இதனால்தான்.

தண்ணீர் பட்டால் முடி உப்பும், செதில்கள் விரியும், பிடி கூடும்; காயும்போது முடிச்சு மேலும் இறுகும். கம்பளித் துணியை வெந்நீரில் கசக்கினால் சுருங்கித் தடிப்பதும் இதே இயக்கத்தால்தான். ஆகையால் சிக்கை எடுத்த பிறகே குளிப்பாட்ட வேண்டும். நுனியிலிருந்து தொடங்கி, முடியின் அடியை விரல்களால் பிடித்துக்கொண்டு, படிப்படியாகத் தோலை நோக்கிச் சீவினால் தோல் இழுபடாது. தோலோடு ஒட்டிக் கட்டியான சிக்கைச் சீவி எடுக்க முயல்வது நாயை வதைப்பதாகும். அதைக் கிளிப்பரால் மழித்துவிடுவதே நல்லது. கத்தரியால் வெட்டப்போனால் சிக்கோடு சேர்ந்து மேலெழும் தோலும் வெட்டுப்படக்கூடும். கட்டியான சிக்கின் அடியில் ஈரம் தங்கித் தோல் அழுகும். ஈ முட்டையிட்டுப் புழு வைப்பதும் உண்டு.

மெல்லிய தோல்

நாயின் தோல் முடியால் மூடப்பட்டிருப்பதாலோ என்னவோ, அது தடிமனானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. முடி அடர்ந்த பகுதிகளில் நாயின் மேல்தோலில் உயிருள்ள அணுக்கள் மூன்று முதல் ஐந்து அடுக்குகளே. மனிதரைவிட இது மெல்லியது. அடியில் பிறக்கும் அணு மேலேறி உதிர ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகின்றன. அமில-காரத் தன்மையிலும் வேறுபாடு உண்டு. மனிதத் தோலின் பி.எச். அளவு சுமார் 5. அதாவது லேசான அமிலம். நாயின் தோல் நடுநிலையான 7-ஐ ஒட்டி, இனத்துக்கும் உடல்பகுதிக்கும் ஏற்ப மாறக்கூடியது. மனிதரின் எண்ணெய்ப் பசைத் தலைக்காகச் செய்த ஷாம்புவையோ துணி சோப்பையோ அடிக்கடி பயன்படுத்தினால் நாயின் தோல் வறண்டு செதில் உதிர்வது இந்த வேறுபாடுகளால்தான்.

ஷாம்புவில் உள்ள தூய்மையூட்டும் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். ஒன்று தண்ணீரை நாடும், மற்றது எண்ணெயை நாடும். எண்ணெயை நாடும் முனைகள் அழுக்கைச் சூழ்ந்து நுண்துளியாக்க, தண்ணீரை நாடும் முனைகள் அத்துளியை அலசி வெளியேற்றும். அழுக்கைப் பற்றியிருக்கும் எண்ணெய்க்கும் தோலைக் காக்கும் கொழுப்புக்கும் இம்மூலக்கூறு வேறுபாடு அறியாது; இரண்டையும் கொண்டுபோகும். ஷாம்பு மென்மையாக இருக்க வேண்டும், நன்றாக அலசப்பட வேண்டும் என்பதன் காரணம் இதுவே. ஈரமுடியின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது. கண்டிஷனரின் மூலக்கூறுகள் நேர்மின் தன்மை கொண்டவை என்பதால் முடியின் மேல் ஒட்டிப் படிந்து செதில்களை அமர்த்துகின்றன, உராய்வு குறைகிறது.

மருந்துக் குளியல்

ஆரோக்கியமான நாயின் தோலிலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியாவும் மலசேசியா என்ற ஈஸ்ட்டும் வாழ்கின்றன. ஒவ்வாமையாலோ ஈரத்தாலோ தோலின் காப்பு குலையும்போது அவை பெருகிச் சீழ்க்கொப்புளம், பிசுபிசுப்பு, துர்நாற்றம், அரிப்பு ஆகியவற்றை உண்டாக்குகின்றன. குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பு இரண்டையும் கட்டுப்படுத்தும். ஈஸ்ட் மிகுந்தால் மைக்கோனசோலும் சேர்க்கப்படும். எண்ணெய்ப் பசையும் அடைபட்ட மயிர்க்கால்களும் உள்ள தோலுக்குப் பென்சாயில் பெராக்சைடு, தடித்த செதில்களுக்குக் கந்தகமும் சாலிசிலிக் அமிலமும் பயன்படுகின்றன. ஓட்ஸ் குளியல் அரிப்பைச் சிறிது நேரம் தணிக்கும்.

இச்சிகிச்சையில் பெரும்பாலும் தவறவிடப்படுவது தங்குநேரம். மருந்து தோலைத் தொட்டதும் நுண்ணுயிர் இறந்துவிடுவதில்லை. அலசுமுன் சுமார் 10 நிமிடம் நுரை தோலில் இருக்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் நேர்மின் தன்மையுள்ள மருந்து; சாதாரணச் சோப்பு எதிர்மின் தன்மையுள்ளது. இரண்டும் கலந்தால் மருந்து செயலிழக்கும். ஆகவே முதலில் சாதாரண ஷாம்புவால் அழுக்கை நீக்கி, முற்றிலும் அலசிவிட்டு, பிறகே மருந்து ஷாம்புவைப் போட வேண்டும்.

2015-இல் வெளியான ஓர் ஒப்பாய்வில், மேலோட்டமான தோல் சீழ்நோய் கண்ட நாய்களில் ஒரு பிரிவுக்கு 4 சதவீத குளோர்ஹெக்சிடின் ஷாம்புவும் கரைசலும் மட்டும், மறுபிரிவுக்கு வாய்வழி ஆன்டிபயாடிக் மருந்து என்று தரப்பட்டது. இரண்டும் ஒரே அளவு பலன் தந்தன. மருந்துக்குப் பணியாத பாக்டீரியாக்கள் பெருகிவரும் காலத்தில், முறையாகச் செய்த ஒரு குளியல் மாத்திரைக்கு மாற்றாக முடியும் என்பது பெரிய செய்தி.

ஒவ்வாமைத் தோலழற்சி உள்ள நாய்களின் தோலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, வெளியடுக்கு அணுக்களுக்கிடையே தொடர்ச்சியாக இருக்க வேண்டிய கொழுப்புப் படலங்கள் அறுந்தும் ஒழுங்கற்றும் காணப்பட்டன. செரமைடு என்ற கொழுப்பும் அவற்றில் குறைவு. செரமைடும் கொழுப்பு அமிலங்களும் கலந்த கண்டிஷனர்கள், சொட்டுமருந்துகள் இந்தக் குறையை ஈடுகட்டும் நோக்கில் உருவானவை. இயற்கையானது என்பதற்காக எதையும் தடவிவிட முடியாது. செறிவான தேயிலை மர எண்ணெய் நாய்க்கு நடுக்கத்தையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்கும் நஞ்சு.

குளியலே நோயாகும்போது

குளித்த ஓரிரு நாளில் முதுகுநெடுக வலிமிகுந்த கொப்புளங்களுடன், காய்ச்சலுடன் சில நாய்கள் மருத்துவரிடம் வருகின்றன. இது குளியலுக்குப் பின்வரும் மயிர்க்கால் அழற்சி. கொப்புளத்திலிருந்து எடுத்த சீழை வளர்த்துப் பார்த்தபோது பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற நீர்வாழ் பாக்டீரியா தென்பட்டது. தண்ணீர் கலந்து நாள்கணக்கில் வைத்திருந்த ஷாம்பு பாட்டிலில் அது பெருகுகிறது. முடியை எதிர்த்திசையில் அழுத்தித் தேய்க்கும்போது மயிர்க்கால் கிழிந்து பாக்டீரியா உள்ளே போகிறது. ஷாம்புவை அன்றன்று தேவைக்குமட்டும் கலப்பது, மிச்சத்தைக் கொட்டிவிடுவது, பாட்டிலையும் கருவிகளையும் கழுவிக் காயவைப்பது, முடி படியும் திசையிலேயே தேய்ப்பது ஆகியவை இதைத் தடுக்கும்.

உலர்த்தலும் மற்றவையும்

அடர்ந்த அடிமுடியில் தங்கும் ஈரம் சில மணி நேரத்திலேயே தோலைப் புண்ணாக்கிவிடக்கூடும். குரூமிங் நிலையங்களில் உள்ள அதிவேக டிரையர், சூட்டால் ஆவியாக்குவதைவிடக் காற்றின் விசையால் நீர்த்துளிகளைத் தள்ளியே உலர்த்துகிறது; கழன்ற முடியையும் அது வெளியேற்றும். கூண்டில் அடைத்துச் சூடான காற்றைச் செலுத்துவது ஆபத்து. நாயின் இயல்பான வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். இரைத்தே குளிர வேண்டிய உடல் சூட்டுக்குள் சிக்கினால் விரைவில் வெப்பத்தாக்கு வரும். பக் போன்ற தட்டைமூக்கு நாய்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நாயின் காதுக்குழாய் கீழிறங்கி உள்நோக்கித் திரும்பும் ‘எல்’ வடிவம் கொண்டது. எனவே குளியலின்போது உள்ளே தண்ணீர் போகாமல் காப்பதும், பின் துடைப்பதும் அவசியம். நகத்தின் நடுவே இரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவதால் கொஞ்சம் கொஞ்சமாகவே வெட்ட வேண்டும்.

சீவும் கை நாயின் உடல் முழுவதையும் தொட்டுப் பார்க்கிறது. அதனால் நோயின் முதல் அறிகுறிகள் பல நேரங்களில் குரூமிங் மேசையிலேயே தெரிகின்றன. அரிப்பே இல்லாமல் உடலின் இருபுறமும் சமமாக முடி கொட்டினால் தைராய்டு குறைவோ அட்ரீனல் சுரப்பிக் கோளாறோ இருக்கலாம். வட்டமாக முடி கொட்டினால் படை, ஓயாத அரிப்பு இருந்தால் உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறிப்பூச்சி அல்லது ஒவ்வாமை என்று சந்தேகிக்க இடமுண்டு. இவற்றை ஷாம்புவால் மறைக்க முயலாமல் தோலைச் சுரண்டிப் பார்க்கவும் இரத்தத்தைச் சோதிக்கவும் கால்நடை மருத்துவரிடம் அனுப்புவது குரூமரின் பொறுப்பு. நோய் இன்னதென்று தெரிந்த பிறகு, அதற்குரிய ஷாம்பு, அதற்குரிய இடைவெளி, அதற்குரிய தங்குநேரம் ஆகியவற்றை மருத்துவர் வகுப்பார். அதைப் பிசகாமல் நிறைவேற்றுவது குளிப்பாட்டும் கைகளின் வேலை.